வெள்ளி இருந்தால் மட்டும் போதாது: ஒரு தேடல் திட்டத்தை எடைபோடுவது எப்படி

சௌகார்பேட்டை தங்கசாலைத் தெருவில் வெள்ளி வாங்குகிறவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரியும். எடை தராசில் தெரிகிறது. டச், அதாவது சுத்தம், எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரர் சொல்லிவிடுவார். அன்றைய கிராம் விலை ஊருக்கெல்லாம் தெரிந்தது. மண்ணுக்கடியில் கிடக்கும் வெள்ளியின் மேல் பணம் போடுகிறவருக்கு இந்த மூன்றும் தெரியாது. எவ்வளவு வெள்ளி, எந்தத் தரத்தில், எந்த விலைக்கு விற்கும் என்ற மூன்றுமே யாரோ ஒருவர் போட்ட மதிப்பீடுகள்.

2025 அக்டோபரில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரைத் தாண்டியது. தீபாவளி நேரத்தில் கட்டி வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, சில மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் வெள்ளித் திட்டங்களில் மொத்தமாகப் பணம் வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன. அதற்குப் பிறகு சென்னையில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் ஒரு படி மேலே போய், கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பட்டியலான சின்னச் சின்ன வெள்ளித் தேடல் கம்பெனிகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பங்கு 20 சென்ட்தான், வெள்ளி ஏறினால் பத்து மடங்கு ஆகுமாமே என்கிறார்கள். ஆகலாம். ஆனால் அந்தக் கணக்குக்கு நடுவில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பணம் போடுவது நல்லது. பேனாவும் தாளும் இருந்தால் போதும், பெரும்பகுதியை நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில், தேடல் கம்பெனி என்றால் என்ன? அதற்குச் சுரங்கம் கிடையாது. விற்பனை கிடையாது, லாபம் கிடையாது. ஒரு நிலப்பரப்பில் தேடுவதற்கான உரிமம், சில புவியியலாளர்கள், வங்கியில் கொஞ்சம் பணம், ஒரு நம்பிக்கை. அவ்வளவுதான். அதனால் டிசிஎஸ் பங்கையோ டிவிஎஸ் பங்கையோ பார்க்கிற அளவுகோல்கள் இங்கே உதவாது. பார்க்கிற இடங்களில் ஆயிரத்தில் ஒன்றுதான் சுரங்கமாகும் என்று இந்தத் துறையில் இருப்பவர்களே சொல்வார்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் பெரும்பாலான திட்டங்கள் ஒன்றுமில்லாமல் போகும் என்பது உண்மை.

இன்னொன்றும் ஆரம்பத்திலேயே தெரிய வேண்டும். வெள்ளிக்கென்றே தோண்டும் சுரங்கங்கள் குறைவு. உலகில் வெட்டி எடுக்கும் வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் எடுக்கும்போது கூடவே வருவது. நம் நாட்டிலும் அப்படித்தான். ஹிந்துஸ்தான் ஜிங்க் ராஜஸ்தானில் சிந்தேசர் குர்த் போன்ற சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 700 டன் வெள்ளி தருகிறது. எல்லாம் ஈய, துத்தநாகத் தாதுவோடு வருவது. ஆகவே ஒரு கம்பெனி தன்னை வெள்ளிக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டால், அந்தப் பாறையின் மதிப்பில் வெள்ளிக்கு எத்தனை பங்கு என்று கேளுங்கள். வெள்ளி விலை ஏறும் என்று நம்பி வாங்கிவிட்டு, கடைசியில் துத்தநாகத்தின் விலையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். வெள்ளித் தாதுவின் தரத்தை, ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் வெள்ளி என்று சொல்வார்கள். கிரேடு என்பது இதுதான். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். கணக்கு எளிதாக இருக்க வெள்ளி கிராமுக்கு 1 டாலர், அதாவது அவுன்ஸுக்கு ஏறக்குறைய 31 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் கிரேடு உள்ள ஒரு டன் பாறையில் 200 டாலர் வெள்ளி இருக்கிறது. ஆலையில் அதில் 85 சதவீதம்தான் பிரியும் என்றால் 170. உருக்காலை தன் பங்கைக் கழித்து, லாரி, கப்பல் கூலியும் போனால் கையில் 150 என்று கொள்ளலாம். பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி, பாறையை மேலே கொண்டுவந்து, அரைத்து, அலுவலகச் செலவும் பார்க்க டன்னுக்கு 110 டாலர் ஆகிறது என்று வையுங்கள். மிஞ்சுவது 40. இதிலிருந்துதான் வரி, ராயல்டி, சுரங்கம் கட்டப் போட்ட முதல் எல்லாம் வர வேண்டும்.

இப்போது கிரேடு 200 இல்லை, 150தான் என்று மாற்றிப் பாருங்கள். கைக்கு வருவது 112.50 டாலர். செலவு அதே 110. மிஞ்சுவது இரண்டரை டாலர். கிரேடு கால்பங்கு குறைந்ததற்கு லாபம் கிட்டத்தட்ட முழுசாகப் போய்விட்டது. வெள்ளி விலை கால்பங்கு விழுந்தாலும் இதே கதைதான். ஏறும்போது இந்தப் பங்குகள் வெள்ளியைவிட வேகமாக ஏறுவதும், இறங்கும்போது பாதாளத்துக்குப் போவதும் இந்த ஒரு கணக்கால்தான். செலவு எண்கள் இடத்துக்கு இடம் மாறும். மேலே இருந்து வெட்டும் திறந்த குழிச் சுரங்கத்தில் டன்னுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, அங்கே 60, 70 கிராம்கூடக் கட்டுப்படியாகலாம். மெல்லிய தாதுப் பட்டையைப் பின்தொடர்ந்து ஆழத்தில் போகும் சுரங்கத்துக்கு அது போதவே போதாது. அதனால் கிரேடை மட்டும் தனியாக வைத்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

அடுத்தது, புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். கம்பெனிகள் துளையிடும் வேலை நடக்கும்போது முடிவுகளைச் செய்தியாக வெளியிடும். ஒரு மாதிரிச் செய்தி இப்படி இருக்கும்: "10 மீட்டர் நீளத்தில் டன்னுக்கு 500 கிராம் வெள்ளி, அதில் அரை மீட்டரில் 9,500 கிராம்." படித்தால் கண் விரியும். தாளை எடுங்கள். 10 மீட்டரை 500ஆல் பெருக்கினால் 5,000. அரை மீட்டரை 9,500ஆல் பெருக்கினால் 4,750. கழித்தால் மிச்சம் 250. அந்த 250ஐ மீதி ஒன்பதரை மீட்டருக்குப் பங்கு போட்டால் டன்னுக்குச் சுமார் 26 கிராம்தான் வருகிறது. அதாவது அங்கே இருப்பது பத்து மீட்டர் நல்ல தாது இல்லை. அரை மீட்டர் அகலத்தில் மிக வளமான ஒரு பட்டையும், அதைச் சுற்றி ஒன்றுக்கும் உதவாத பாறையும்தான். செய்தியில் பொய் எதுவும் இல்லை, எல்லா எண்ணும் சரி. ஆனாலும் நமக்குக் கிடைத்த சித்திரம் தப்பு. இந்தக் கழித்தலை ஒவ்வொரு செய்திக்கும் போடும் பழக்கம் வந்துவிட்டால், பாதிச் செய்திகளைப் பார்த்து நீங்கள் சும்மா இருந்துவிடுவீர்கள்.

அதே செய்தியில் இன்னொன்றையும் தேடுங்கள்: உண்மை அகலம். தாதுப் பட்டை பாறைப் பிளவுக்குள் சாய்ந்தோ செங்குத்தாகவோ நிற்கும். துளை அதைக் குறுக்கே வெட்டாமல் சாய்வாக அதன் ஊடே இறங்கினால், 2 மீட்டர் அகலப் பட்டையே 8 மீட்டர் நீளமாகத் தெரியும். ஒழுங்கான கம்பெனி உண்மை அகலம் இவ்வளவு என்று எழுதும், அல்லது இன்னும் தெரியவில்லை என்றாவது எழுதும். தரையில் பொறுக்கிய கல்லின் சோதனை முடிவைத் தலைப்பில் போட்டிருந்தால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த கல்லைத்தான் யாரும் பொறுக்குவார்கள்.

வெள்ளிச் சமானம் என்ற எண்ணும் அப்படியே. ஈயம், துத்தநாகம், தங்கம் எல்லாவற்றையும் விலைக்கணக்கில் வெள்ளியாக மாற்றிக் கூட்டிச் சொல்வது அது. 300 கிராம் வெள்ளிச் சமானம் என்று போட்டிருக்கும் இடத்தில் நிஜ வெள்ளி 80 கிராம்தான் இருக்கலாம். அடிக்குறிப்பில் எந்த விலைகளைப் போட்டு மாற்றினார்கள், ஆலையில் எத்தனை சதவீதம் பிரியும் என்பதைக் கணக்கில் எடுத்தார்களா என்று இருக்கும். எடுக்கவில்லை என்றால் அந்த எண் ஊதிப்போன எண்.

துளையிலிருந்து வரும் பாறைத் துண்டை கோர் என்பார்கள், நீண்ட உருளையாக வரும். அதை நெடுக்குவாட்டில் அறுத்து ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைத்திருப்பது வழக்கம். பின்னால் யாராவது சந்தேகப்பட்டால் சோதிக்கலாம் அல்லவா? இந்தோனேசியாவின் புசாங்கில் தங்கம் இருப்பதாகச் சொன்ன பிரே-எக்ஸ் என்ற கனடியக் கம்பெனி அப்படி வைக்கவில்லை, கோரை முழுசாக அரைத்துவிட்டது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் துகளைக் கலந்திருந்தார்கள் என்பது 1997இல் தெரிய வந்தபோது, 600 கோடி கனடிய டாலர் வரை மதிப்பு போன அந்தப் பங்கு குப்பையாகிவிட்டது. அதன் பிறகுதான் கனடா, தேடல் முடிவுகளை எப்படிச் சரிபார்த்து வெளியிட வேண்டும் என்று சொல்லும் என்ஐ 43-101 என்ற விதிமுறையை 2001இல் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் ஜோர்க் என்ற விதிமுறை அதற்கு முன்பே இருந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பும்போது நடுநடுவே வெள்ளியே இல்லாத கல், தரம் தெரிந்த கல், ஒரே மாதிரியின் இரட்டை ஆகியவற்றைச் செருகி அனுப்பி ஆய்வகத்தையும் சோதித்தார்களா என்று அறிக்கையில் பாருங்கள்.

சரி, ஒரு துளையில் நல்ல முடிவு வந்துவிட்டது, அல்லது பக்கத்து நிலத்தில் பெரிய சுரங்கம் ஓடுகிறது. அது போதுமா? போர்வெல் போட்ட அனுபவம் சென்னைக்காரர்களுக்கு உண்டு. ஒரு வீட்டில் நூறு அடியில் நல்ல தண்ணீர் வரும், சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் இருநூறு அடி போனாலும் புழுதிதான் வரும். மெக்சிகோவின் வெள்ளிப் பட்டைகளும் இப்படிப்பட்டவைதான். வெந்நீர் பாறைப் பிளவில் ஏறி வந்து, கொதித்த ஆழத்தில் வெள்ளியைப் படியவிட்டுப் போயிருக்கிறது. அந்த வளமான ஆழம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். அதற்குக் கீழே போகப்போக வெள்ளி மெலிந்து ஈயமும் துத்தநாகமும் கூடும். பக்கவாட்டிலும் பட்டை விரியும், சுருங்கும், காணாமல் போகும். ஆகவே ஒற்றைத் துளையில் வந்த உயர்ந்த முடிவைவிட, வரிசையாகப் போட்ட துளைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம். எத்தனை துளை போட்டார்கள், எத்தனைக்கு முடிவு சொன்னார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சொல்லாமல் விட்ட துளைகளும் ஒரு தகவல்தான்.

துளைகள் போதுமான அளவு சேர்ந்ததும் வள மதிப்பீடு வரும். துளைகள் தூரதூரமாக இருந்தால் இன்ஃபர்டு, நெருங்கினால் இண்டிகேட்டட், இன்னும் நெருங்கினால் மெஷர்டு. இது மூன்றும் வளம். லாபகரமாக எடுக்க முடியும் என்று பொறியியல் கணக்கு போட்டு நிரூபித்த பகுதிக்கு மட்டுமே இருப்பு என்று பெயர். இன்ஃபர்டு பிரிவில் மட்டும் உள்ள வெள்ளிக்கு நான் முழு மதிப்புக் கொடுக்கவே மாட்டேன். ஒரு கோடி டன் தாது, கிரேடு 200 என்றால் 2,000 டன் வெள்ளி. நம் நாடு ஒரு வருடத்தில் எடுப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அவுன்ஸில் சுமார் 6.4 கோடி. கம்பெனியின் மொத்தப் பங்கு மதிப்பு 6.4 கோடி டாலர் என்றால் மண்ணில் கிடக்கும் ஒரு அவுன்ஸுக்கு 1 டாலர் தருகிறீர்கள். மலிவு என்று தோன்றும். ஆனால் இரண்டு கம்பெனிகளை இந்த அளவுகோலால் ஒப்பிடும்போது ஒன்றின் அவுன்ஸ் மெஷர்டாகவும் மற்றதன் அவுன்ஸ் இன்ஃபர்டாகவும் இருந்தால், அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

பாறையில் வெள்ளி இருந்தும் வெளியே வராமல் போகலாம். மாங்கனீஸ் ஆக்சைடோடு பின்னிக்கிடக்கும் வெள்ளி, அதைப் பிரிக்கப் பயன்படுத்தும் சயனைடில் கரைய மறுக்கும். ஆர்செனிக், ஆன்டிமனி அதிகம் சேர்ந்திருந்தால் உருக்காலைக்காரர் அபராதம் பிடிப்பார். வெள்ளி எவ்வளவு பிரியும் என்ற சோதனையைச் செய்யாமல் 90 சதவீதம் பிரியும் என்று அனுமானித்து எழுதிய அறிக்கைகள் உண்டு. சோதனை நடந்ததா, எத்தனை மாதிரிகளில், தாதுவின் எந்தப் பகுதியில் என்று தேட வேண்டும்.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும், அந்த ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். குவாத்தமாலாவின் எஸ்கோபால் உலகின் பெரிய வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்று. 2014இல் வணிக உற்பத்தி தொடங்கியது, தரமான தாது, நல்ல லாபம். 2017 ஜூலையில் அங்குள்ள ஷின்கா பழங்குடி மக்களை முறையாகக் கலந்து பேசவில்லை என்ற வழக்கில் நீதிமன்றம் உரிமத்தை நிறுத்தியது. பங்கு கடுமையாகச் சரிந்தது, பிறகு கம்பெனியே வேறொருவர் கைக்குப் போனது, 2025இலும் சுரங்கம் மூடியே இருந்தது. அர்ஜென்டினாவின் சூபுத் மாகாணத்தில் நவிதாத் என்ற மிகப் பெரிய வெள்ளிப் படிவம் கிடக்கிறது. திறந்த குழிச் சுரங்கத்துக்கு அங்கே 2003 முதல் தடை. 2021 டிசம்பரில் தடையைத் தளர்த்திச் சட்டம் போட்டார்கள். மக்கள் தெருவில் இறங்கினார்கள், சில நாளில் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2018இல் தூத்துக்குடியைப் பார்த்த நமக்கு இது புரியாததல்ல. தண்ணீருக்காகவும் நிலத்துக்காகவும் போராடும் மக்களை வெறும் ரிஸ்க் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகும் அறிக்கைகள் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. மனிதநேயத்தை விடுங்கள், முதலீட்டுக் கணக்காகப் பார்த்தாலும் அது தப்பு. ஊர் மக்களோடு கம்பெனி என்ன ஒப்பந்தம் செய்திருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து எடுக்கும், எந்தெந்த அனுமதி வந்துவிட்டது, எது பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் காலம் எடுக்கும். மெக்சிகோவின் ஹுவானிசிபியோவில் வளமான வெள்ளிப் பட்டை கிடைத்தது 2000களின் நடுவில். அங்கே ஆலை ஓடத் தொடங்கியது 2023இல். பக்கத்திலேயே பழைய சுரங்க நகரம், பெரிய கூட்டாளி, நல்ல கிரேடு எல்லாம் இருந்தும் அவ்வளவு காலம்.

இத்தனை வருடமும் வருமானமில்லாத கம்பெனி எதைச் சாப்பிடும்? புதுப் பங்குகளை விற்றுத்தான் பிழைக்கும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் திட்டம் ஜெயித்து முதலீட்டாளர் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு கம்பெனிக்கு 10 கோடி பங்குகள், பங்கு 20 சென்ட், மொத்த மதிப்பு 2 கோடி டாலர் என்று வைப்போம். துளையிட 50 லட்சம் டாலர் வேண்டும். அதே விலையில் 2.5 கோடி புதுப் பங்குகளை வெளியிடுகிறார்கள். வாங்குகிறவர்களைக் கவர, பின்னால் 30 சென்டுக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் வாரண்ட் என்று இலவசமாகத் தருகிறார்கள். மூன்று ஆண்டு இதே விகிதத்தில் நடந்தால் 10 கோடி பங்கு ஏறக்குறைய 20 கோடி ஆகிவிடும். திட்டத்தின் மதிப்பு இரண்டு மடங்கானாலும் உங்கள் பங்கு அதே 20 சென்டில் நிற்கும். அதற்கு மேல் ஏறி 30 சென்டைத் தாண்டினால் வாரண்ட்காரர்கள் மாற்றி விற்கத் தொடங்குவார்கள். அதனால் இன்றைய பங்கு எண்ணிக்கையைப் பார்க்காமல், வாரண்ட், ஆப்ஷன் (நிர்வாகிகளுக்குத் தரும் இதேபோன்ற உரிமை) எல்லாம் சேர்ந்த முழு எண்ணிக்கையைப் பாருங்கள். திரட்டும் பணத்தில் எவ்வளவு துளையிடப் போகிறது, எவ்வளவு சம்பளத்துக்கும் விளம்பரத்துக்கும் போகிறது என்பதும் காலாண்டுக் கணக்கில் இருக்கும்.

நிர்வாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பு ஒரு சுரங்கத்தைக் கண்டுபிடித்தோ கட்டியோ இருக்கிறார்களா, தங்கள் சொந்தப் பணத்தில் பங்கு வாங்கியிருக்கிறார்களா, இரண்டே கேள்விதான்.

விலை அனுமானத்தையும் பாருங்கள். வெள்ளி 1980 ஜனவரியிலும் 2011 ஏப்ரலிலும் 50 டாலரை நெருங்கியது. 2020 மார்ச்சில் 12 டாலருக்கும் கீழே கிடந்தது. திட்டத்தின் லாபத்தை அன்றைய உச்ச விலையில் கணக்கிட்டிருந்தால், அதே அறிக்கையில் விலை குறைந்தால் என்ன ஆகும் என்ற அட்டவணை இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்த விலையிலும் திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.

நடைமுறை விஷயம் ஒன்றிரண்டு. நம் நாட்டில் 2015 முதல் சுரங்க உரிமம் ஏலத்தில்தான் என்பதால் இப்படிப்பட்ட சிறு தேடல் கம்பெனிகள் இங்கே வளரவில்லை. வெள்ளி உள்ளிட்ட ஆழக் கனிமங்களுக்குத் தனித் தேடல் உரிமம் 2023 சட்டத் திருத்தத்தில்தான் வந்தது. வெளிநாட்டில் வாங்க, ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் என்ற வெளிநாட்டுப் பணம் அனுப்பும் திட்டத்தின் வழியில் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகையில், 2025 ஏப்ரல் நிலவரப்படி 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியாகப் பிடிப்பார்கள். கணக்குத் தாக்கலில் அது கழியும். கையில் உள்ள வெளிநாட்டுப் பங்கை வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும். ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, அறிக்கையை எப்படிப் படிப்பது? கனடியக் கம்பெனிகளின் தொழில்நுட்ப அறிக்கை செடார் பிளஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கம், பயப்பட வேண்டாம். என்ஐ 43-101 விதிப்படி பகுதிகளுக்கு வரிசை எண் உண்டு. 4இல் உரிமமும் நிலமும், 12இல் தரவைச் சரிபார்த்த விதம், 13இல் வெள்ளியைப் பிரிக்கும் சோதனை, 14இல் வள மதிப்பீடு. இந்த நான்கை மெதுவாகப் படியுங்கள். அப்புறம் 26க்குப் போங்கள். அடுத்து என்ன வேலை செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று அங்கே ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகையைக் கம்பெனியின் கடைசிக் காலாண்டு வங்கி இருப்போடு ஒப்பிடுங்கள். எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கும் புதுப் பங்குகள் வரப் போகின்றன.